தெர்மாமீட்டர் கைமாறிய இரவு: வீட்டுப் பிரசவமும் தொட வேண்டிய கடமையும்

1929ஆம் ஆண்டு. குஜராத்தின் கத்தியவார் பகுதியில் ஒரு கிராமம். தலித் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மனைவி, மாதத்தின் 5ஆம் தேதி பிள்ளை பெற்றார். 7ஆம் தேதி அவருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. உடம்பு தளர்ந்தது, நெஞ்சு வீங்கியது, மூச்சு வாங்கியது, விலாவில் கடும் வலி. ஆசிரியர் டாக்டரிடம் ஓடினார். அந்த வீட்டுக்கெல்லாம் வர முடியாது என்றார் டாக்டர். ஆசிரியர் ஊர்ப் பெரிய மனிதர்களிடம் போய்க் கெஞ்சினார். 2 ரூபாய் கட்டணத்துக்கு அவர்களில் ஒருவர் ஜாமீன் நின்ற பிறகு டாக்டர் கிளம்பினார். அதற்கும் ஒரு நிபந்தனை போட்டார்: நோயாளியைக் குடியிருப்புக்கு வெளியே கொண்டுவந்து காட்ட வேண்டும்.

பிள்ளை பெற்று இரண்டே நாளான பச்சை உடம்புக்காரியை, கைக்குழந்தையோடு வெளியே கொண்டுவந்தார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் அதை ஆசிரியரிடம் கொடுத்தார். ஆசிரியர் மனைவிக்கு வைத்துப் பார்த்தார். பிறகு அதே வரிசையில் அது டாக்டரிடம் திரும்பிப் போனது. இரவு எட்டு மணி இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு நிமோனியா என்றார் டாக்டர். போனார், மருந்து அனுப்பினார். மறுபடி வந்து பார்க்கச் சொல்லிக் கேட்டபோது மறுத்துவிட்டார். ஒரு பிற்பகல் இரண்டு மணியளவில் அந்தப் பெண் இறந்துபோனார்.

ஆசிரியரே இதைக் கடிதமாக எழுதினார். 1929 டிசம்பர் 12 தேதியிட்ட 'யங் இந்தியா' இதழில் அது வெளிவந்தது. அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் அதை எடுத்துச் சேர்த்திருக்கிறார். நம்மில் பலர் கல்லூரி நாட்களில் படித்த நூல்தான். அன்று படித்தபோது அந்த டாக்டர் மேல் வந்த கோபம் மட்டுமே எனக்கு மிஞ்சியது. முப்பதைத் தாண்டி, சமூகப் பணியில் சில ஆண்டுகள் அலைந்த பிறகு திரும்பப் படிக்கும்போது வேறொன்று கண்ணில் படுகிறது. அந்த டாக்டர் வரத்தான் செய்தார். நோய்க்குப் பெயர் சொன்னார். மருந்தும் அனுப்பினார். ஏட்டில் எழுதினால் எல்லாக் கட்டமும் நிரம்பிவிடும். அழைப்பு வந்தது, மருத்துவர் சென்றார், பரிசோதித்தார், மருந்து தந்தார். அவர் செய்யாதது ஒன்றே ஒன்று. தொடவில்லை.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் சட்டம் படிக்கும் தம்பி ஒருவன் கேட்ட கேள்விதான் இதை எழுதவைத்தது. "அக்கா, குழந்தை வீட்டுலயே பொறந்துடுச்சு. அதுக்கப்புறம் வர்ற ஆம்புலன்ஸ்காரங்களுக்கு என்ன வேலை இருக்கு? ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரியில விட வேண்டியதுதானே?" அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. இப்போது கொஞ்சம் நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

பிள்ளை வெளியே வந்துவிட்டால் பிரசவம் முடிந்தது என்று நினைக்கிறோம். வீட்டில் எதிர்பாராமல் பிள்ளை பிறந்த இடத்துக்கு வரும் மருத்துவ உதவியாளருக்கு அப்போதுதான் வேலை ஆரம்பம். அவர் முன்னால் இரண்டு நோயாளிகள் இருக்கிறார்கள். குழந்தையை உடனே துணியால் துடைத்து ஈரம் போக்க வேண்டும். முதல் ஒரு நிமிடத்துக்குள் அது மூச்சு விடுகிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் மூச்சு கொடுக்க வேண்டும். தாயின் வெற்று நெஞ்சில் குழந்தையைப் படுக்கவைத்து இருவரையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். தாயின் உடம்புச் சூட்டுக்கு இணையான இன்குபேட்டர் எந்த வண்டியிலும் கிடையாது. தொப்புள்கொடியை அவசரப்பட்டு வெட்டக் கூடாது. குழந்தை நன்றாக மூச்சு விட்டால் ஒன்று முதல் மூன்று நிமிடம் வரை காத்திருந்து, கட்டி, சுத்தமான கத்தியால் வெட்ட வேண்டும்.

அடுத்து தாய். கருப்பைக்குள் நஞ்சுக்கொடி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. நஞ்சு பிரிந்ததும் கருப்பை கல் மாதிரி இறுகினால்தான் திறந்துகிடக்கும் ரத்தக்குழாய்கள் மூடும். இறுகாமல் தொளதொளவென்று இருந்தால், உள்ளே நஞ்சின் ஒரு துண்டு தங்கிவிட்டாலும்கூட, ரத்தம் நிற்காது. அரை லிட்டரைத் தாண்டினால் அதைப் பேறுகால ரத்தப்போக்கு என்று மருத்துவம் கணக்கில் எடுக்கிறது. ஏற்கெனவே ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த இழப்பே ஆபத்து. அதனால் பிள்ளை பிறந்த கையோடு ஆக்ஸிடோசின் ஊசி 10 யூனிட், அது இல்லாவிட்டால் மிசோப்ரோஸ்டால் மாத்திரை தரச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கொடியைப் பிடித்து இழுக்கக் கூடாது. அரை மணி நேரமாகியும் நஞ்சு விழவில்லையென்றால் காத்திருக்காமல் கிளம்ப வேண்டும். விழுந்தால் முழுதாக விழுந்ததா என்று பார்த்து, பையில் போட்டு, மருத்துவமனைக்கு எடுத்துப்போக வேண்டும். அடிவயிற்றில் கை வைத்துக் கருப்பை இறுகியிருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். துணி எவ்வளவு நனைந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். வண்டி ஓடும்போதும் இது நிற்கக் கூடாது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விலாவாரியாக எழுதுகிறேன்? இதில் தொடாமல் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். ரத்தம், மலம், பனிக்குட நீர், நஞ்சு எல்லாவற்றிலும் கை வைத்தாக வேண்டும். சட்டம் கவனிப்புக் கடமை என்று இரண்டு சொல்லில் சொல்லிவிடுகிறது. செய்கிறவருக்கு அது முழுக்க முழுக்கக் கைவேலை. இந்தியாவில் இந்தக் கைவேலைக்கு நீண்ட சாதி வரலாறு இருக்கிறது.

வட இந்தியாவில் பிள்ளைப்பேறு பார்த்த 'தாயி'கள் பெரும்பாலும் தலித் பெண்கள், அதிலும் சமார் சமூகப் பெண்கள் அதிகம். தமிழ்நாட்டில் மருத்துவச்சி என்றால் பல ஊர்களில் முடிதிருத்தும் தொழிலோடு பிணைக்கப்பட்ட மருத்துவர் சமூகப் பெண். சில இடங்களில் சேரிப் பெண்கள். உத்தரப்பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டக் கிராமங்களில் பாட்ரிசியா ஜெஃப்ரி, ரோஜர் ஜெஃப்ரி, ஆண்ட்ரூ லயன் மூவரும் செய்த ஆய்வு 1989இல் நூலாக வந்தது. சமூகவியல் மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டிய நூல். தாயியை யாரும் பேறுகால நிபுணராக மதிக்கவில்லை, தீட்டை அகற்றும் கூலியாளாகத்தான் நடத்தினார்கள் என்பதை அது காட்டுகிறது. என்ன செய்வது என்று முடிவெடுப்பது மாமியார். கொடி அறுப்பதும் அழுக்கெடுப்பதும் தாயி. மேல்சாதி வீட்டுப் பெண்கள் அந்த ரத்தத்தைத் தொட மாட்டார்கள். தொட்டே ஆக வேண்டிய வேலை என்பதால், தொடுவதற்கென்றே ஒரு சாதியை வைத்துக்கொண்டார்கள்.

முதுகலை ஆய்வுக்காக நான் சந்தித்த ஒரு மூதாட்டி, சேரிக்கும் ஊருக்கும் சேர்த்து நாற்பது ஆண்டுகள் பிள்ளைப்பேறு பார்த்தவர். ஊரில் எல்லாருக்கும் அவர் ஆயாதான். நஞ்சு விழாமல் தாயின் பக்கத்தை விட்டு எழுந்ததே இல்லை என்றார். விழுந்த பிறகும் வயிற்றைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பாராம். நான் மேலே வரிவரியாக எழுதிய மருத்துவ விதியை, எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் கை அறிந்திருந்தது. (எல்லாக் கைகளும் அப்படி அறிந்திருந்தன என்று சொல்லி மருத்துவச்சிகளைப் புனிதராக்க நான் தயாரில்லை. வெட்டிய கொடியில் சாம்பலோ சாணமோ பூசி, டெட்டனஸில் குழந்தைகள் செத்ததும் வரலாறுதான்.) எல்லாம் முடிந்ததும் ஆயா கொல்லைப்புறமாக வெளியேற வேண்டும். கூலி நெல்லும் பழைய புடவையும் தூரத்திலிருந்து வந்து விழும். உள்ளே அவர் கை பட்டால்தான் பிள்ளை பிழைக்கும், வெளியே வந்ததும் அதே கை தீட்டு.

காலனிய அரசு இந்தக் கைகளை எப்படிப் பார்த்தது? வைஸ்ராய் கர்சனின் மனைவி மேரி கர்சன் 1903இல் விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதியைத் தொடங்கினார். நாட்டுத் தாயிகளுக்குப் பயிற்சி தருவது அதன் நோக்கம். அந்தக் கால அறிக்கைகளில் அழுக்குப் பிடித்த, அறியாமை நிறைந்த தாயி என்ற சித்திரம் சலிக்கச் சலிக்க வரும். அந்த அழுக்கை அவள் தலையில் கட்டியது யார் என்ற கேள்வி வராது. சென்னை மாகாணத்தில் 1926இல் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்து, பதிவு பெற்ற மருத்துவச்சி என்று ஒரு தகுதி உருவானது. படிப்பும் சான்றிதழும் இல்லாத கைகள் மெல்ல மெல்லச் சட்டத்துக்கு வெளியே போயின. தாய்மார்கள் பிழைக்க இது தேவைப்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் பரம்பரை பரம்பரையாக அந்த ரத்தத்தைத் துடைத்த பெண்ணின் மகளுக்கு அந்தச் சான்றிதழை வாங்கப் பள்ளிக்கூடக் கதவு திறந்திருந்ததா என்பதையும் கூடவே கேட்க வேண்டும்.

தொட வைக்கப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. உத்தரப்பிரதேசத்தில் 1950 முதல் 1980 வரையான காலத்தில் 'நாரா-மவேஷி' என்ற இயக்கம் ஊர் ஊராக நடந்தது. நாரா என்றால் தொப்புள்கொடி. மவேஷி என்றால் கால்நடை. இனி மேல்சாதி வீடுகளில் எங்கள் பெண்கள் கொடி அறுக்க மாட்டார்கள், எங்கள் ஆண்கள் செத்த மாட்டைத் தூக்க மாட்டார்கள் என்று சமார் மக்கள் எடுத்த முடிவு அது. வரலாற்றாய்வாளர் பத்ரி நாராயண் இதைப் பதிவு செய்திருக்கிறார். மறுத்தவர்களுக்கு அடி விழுந்தது, வேலை மறுக்கப்பட்டது. செத்த மாட்டைத் தூக்க மறுத்த போராட்டங்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், உனா வரைக்கும் பேசுகிறோம். கொடி அறுக்க மறுத்த பெண்களைப் பற்றி நம் மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்? நான் அந்தப் பெண்களைப் பற்றி முதன்முதலில் தெரிந்துகொண்டதே ஒரு நூலின் வழியாகத்தான்.

பிள்ளை பெறும் பெண்ணைக் கைவிட வேண்டும் என்பது அவர்கள் எண்ணமில்லை. கூலியும் மரியாதையும் இல்லாமல், பிறப்பின் பேரால் சுமத்தப்பட்ட ஒன்றைத்தான் அவர்கள் மறுத்தார்கள். ஊர் அதையும் கடமை என்றுதான் அழைத்தது. 'அது உங்க கடமை' என்று ஊர் சொல்லும்போதும் 'அது உங்கள் கடமை' என்று நீதிமன்றம் அரசிடம் சொல்லும்போதும் சொல் ஒன்றுதான். முதலாவதில் கடமைக்காரர் கீழே இருக்கிறார், சேவை வாங்குகிறவர் மேலே இருக்கிறார். இரண்டாவதில் அதிகாரம் உள்ள அரசு கடமைப்படுகிறது, தரையில் படுத்துக் கிடக்கும் பெண்ணுக்கு உரிமை பிறக்கிறது.

இந்த இரண்டாவது அர்த்தத்துக்காக அண்ணல் அம்பேத்கர் பேசியது 1928 ஜூலையில். பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதா விவாதத்துக்கு வந்தது. பேறுகாலத்துக்கு முன்பும் பின்பும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் சார்ந்தது, எனவே அந்தச் செலவில் பெரும்பங்கை அரசே ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். அதுவரை முதலாளியின் தயவாகவோ குடும்பத்தின் சங்கடமாகவோ பார்க்கப்பட்ட ஒன்றை அவர் அரசின் பொறுப்பு என்ற இடத்துக்கு நகர்த்தினார். மசோதா 1929இல் சட்டமானது. தெர்மாமீட்டர் மூன்று கை மாறியதும் அதே 1929தான்.

வீடு தேடி வரும் மருத்துவ உதவியாளர் என்ற தொழிலின் கதைக்கு வருவோம். அதன் முக்கியமான அத்தியாயம் ஒன்று அமெரிக்காவில் ஒரு கறுப்பர் குடியிருப்பில் எழுதப்பட்டது. பிட்ஸ்பர்க் நகரின் ஹில் பகுதி. 1960களின் நடுவில் அங்கே யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் போலீஸ் வேன் வரும். ஆளைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு போலீஸ்காரர்கள் முன்னால் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போவார்கள். வழியில் நோயாளியின் பக்கத்தில் ஆள் கிடையாது. வேறு ஊர்களில் சவ அடக்கம் செய்யும் கடைக்காரர்களின் வண்டியே ஆம்புலன்ஸாகவும் ஓடியது. 1966இல் மாகாணத்தின் முன்னாள் ஆளுநர் டேவிட் லாரன்ஸ் ஒரு கூட்டத்தில் மயங்கி விழுந்து, அப்படிப்பட்ட வண்டியில் கொண்டுபோகப்பட்டு, பிறகு இறந்தார். பெரிய மனிதர் செத்தால்தான் கேள்வி எழும் என்பது எல்லா நாட்டுக்கும் பொது போலிருக்கிறது.

மயக்க மருந்து நிபுணர் பீட்டர் சஃபார், ஃபில் ஹாலன் என்ற அறக்கட்டளைத் தலைவர், ஹில் பகுதியிலேயே இயங்கிய ஃப்ரீடம் ஹவுஸ் அமைப்பு மூவரும் சேர்ந்து 1967இல் ஒரு சேவையைத் தொடங்கினார்கள். அந்தக் குடியிருப்பின் வேலையில்லாத கறுப்பின இளைஞர்களைச் சேர்த்து, பல மாதங்கள் கடும் பயிற்சி கொடுத்தார்கள். உடற்கூறு, இதய மீட்பு, காயப் பராமரிப்பு எல்லாம் கற்று, நோயாளியின் வீட்டிலேயே சிகிச்சையை ஆரம்பித்து, வண்டிக்குள்ளும் தொடர்கிறவர்களாக அவர்கள் ஆனார்கள். பின்னர் மருத்துவ இயக்குநராக வந்த டாக்டர் நான்சி கரோலைன் இவர்களோடு வண்டியில் ஏறி வேலை செய்தார். அந்த அனுபவத்திலிருந்து அவர் உருவாக்கிய பாடத்திட்டம்தான் அமெரிக்கா முழுவதற்கும் பாராமெடிக் பயிற்சியின் அடிப்படையானது. மகப்பேறு அவசரமும் அதில் ஒரு பாடம்.

பிறகு என்ன நடந்தது? 1975 அக்டோபரில் நகராட்சி ஃப்ரீடம் ஹவுஸின் ஒப்பந்தத்தை முடித்து, சேவையைத் தானே எடுத்துக்கொண்டது. புதிய அணியில் பெரும்பான்மை வெள்ளையர். முன்னோடிகளாக இருந்த கறுப்பினப் பணியாளர்களில் பலர் அடுத்த சில ஆண்டுகளில் ஓரங்கட்டப்பட்டு வெளியேறினார்கள். சம்பளமும் சீருடையும் மரியாதையும் வந்த பிறகு தொழில் கைமாறிவிட்டது. ஆயா கொல்லைப்புறமாக வெளியேறியது ஞாபகம் வருகிறதா? இரண்டையும் ஒன்று என்று சொல்லிவிட மாட்டேன். அங்கே நிறம், இங்கே சாதி. அவர்கள் விரும்பிக் கற்ற தொழில், ஆயாவுக்குப் பிறப்பால் வந்தது. ஆனாலும் தங்களைத் தொட யாருமில்லாத மக்கள்தான் நோயாளியின் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தே வர வேண்டும் என்ற வழக்கத்தை ஏற்படுத்தினார்கள் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஆம்புலன்ஸுக்குச் சட்டப்படி கடமை உண்டா, அது எப்போது தொடங்குகிறது என்ற கேள்விக்கு இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டு ஒரு தெளிவான பதில் வந்தது. கென்ட் எதிர் கிரிஃபித்ஸ் வழக்கு. ஆஸ்துமா முற்றிய கர்ப்பிணி ஒருவருக்காக டாக்டர் ஆம்புலன்ஸை அழைத்தார். அழைப்பை ஏற்றுக்கொண்ட வண்டி வந்துசேர சுமார் 40 நிமிடமானது. அந்தப் பெண்ணுக்கு மூச்சு நின்று மூளை பாதிக்கப்பட்டது, கருவும் கலைந்தது. அழைப்பை ஏற்றுக்கொண்ட கணத்திலிருந்து ஆம்புலன்ஸ் சேவைக்குக் குறிப்பிட்ட அந்த நோயாளியின் மீது கவனிப்புக் கடமை தொடங்கிவிடுகிறது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். வண்டி வந்த நேரம் பதிவேட்டில் பொய்யாக எழுதப்பட்டிருந்தது என்பதும் அந்த வழக்கில் வெளிவந்தது.

நம் நாட்டில் வழி வேறு. இங்கே கடமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவிலிருந்து, உயிர்வாழும் உரிமையிலிருந்து பிறந்தது. 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில், உயிருக்குப் போராடுபவரைக் காப்பாற்றுவது ஒவ்வொரு மருத்துவரின் கடமை, போலீஸ் நடைமுறை அதற்குக் குறுக்கே வரக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 1996இல் வந்த வழக்கு நமக்கு இன்னும் நெருக்கமானது. அதைத் தொடுத்தவர்களில் ஒன்று பஸ்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி, விவசாயக் கூலித் தொழிலாளர்களின் அமைப்பு. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட தொழிலாளியைக் கொல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பியிருந்தன. அரசுக்குப் பணமில்லை என்பது இதில் சாக்காகாது என்று சொன்ன நீதிமன்றம், நோயாளியைக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் ஏற்பாடு வேண்டும், அதில் கருவிகளும் மருத்துவப் பணியாளர்களும் இருக்க வேண்டும் என்றும் குறிப்பிட்டது. தம்பி கேட்டானே, ஏற்றிக்கொண்டு போனால் போதாதா என்று. போதாது என்று 1996லேயே சொல்லியாகிவிட்டது. ஹைதராபாத்தில் 108 சேவை 2005இல்தான் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு அது வந்தது 2008 செப்டம்பரில்.

சட்டம் இவ்வளவு சொன்ன பிறகும் தலைநகரத்தில் நடந்ததைப் பாருங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே வாழ்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் சாந்தி தேவி. 2008இல் கருவிலேயே குழந்தை இறந்துபோன நிலையில் மருத்துவமனை மருத்துவமனையாக அலைக்கழிக்கப்பட்டார். வறுமைக்கோட்டு அட்டையைக் காட்ட முடியாததால் பணம் கேட்டார்கள். உறவினர் ஒருவர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் சிகிச்சை கிடைத்தது. அதோடு தீரவில்லை. 2010 ஜனவரி 28 அன்று வீட்டில், பயிற்சி பெற்ற எவர் துணையும் இல்லாமல், குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். அன்றே இறந்துபோனார். நீதிமன்றம் உத்தரவிட்டு மரணத் தணிக்கை நடந்தது. நஞ்சுக்கொடி உள்ளேயே தங்கியதால் ஏற்பட்ட ரத்தப்போக்கு என்று அது காரணம் சொன்னது.

அந்த வழக்கோடு சேர்த்து விசாரிக்கப்பட்டது இன்னொரு ஏழைப் பெண்ணின் வழக்கு. டெல்லியின் ஜங்புராவில், மாநகராட்சி மகப்பேறு மனை இருக்கும் பகுதியிலேயே, 2009 மே மாதம் ஒரு மரத்தடியில், போவோர் வருவோர் பார்க்க அவர் பிள்ளை பெற்றிருந்தார். 2010 ஜூன் 4 அன்று டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி எஸ். முரளிதர் இரண்டு வழக்குகளிலும் தீர்ப்பளித்தார். சட்ட மாணவர்கள் லட்சுமி மண்டல் வழக்கு என்று தேடினால் கிடைக்கும். தாயின் உயிர்பிழைப்பு 21ஆம் பிரிவின் பகுதி, உரிமையைப் பெற ஏழை அட்டை அட்டையாகக் காட்டி நிரூபிக்கும்படி வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதற்கடுத்த ஆண்டு, 2011 ஜூனில், ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் வந்தது. பிரசவம் இலவசம், வீட்டிலிருந்து மருத்துவமனைக்கும் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கும் வண்டி இலவசம் என்று அரசு எழுதிக்கொடுத்தது.

நஞ்சு தங்கிவிட்டது என்றதும் எனக்கு ஆயாவின் ஞாபகம்தான் வந்தது. நஞ்சு விழும்வரை எழுந்ததில்லை என்று சொன்ன அந்தக் கை. ஒரு பயிற்சி பெற்ற கை, ஓர் ஊசி, ஓர் அவசர வண்டி இவை மூன்றும் சேர்ந்து வர வேண்டிய நேரம் அந்த முதல் ஒரு மணி நேரம். ஊரார் கொடி அறுக்கும் கையைச் சாதியாக வைத்திருந்தார்கள். அரசு அதைத் தொழிலாக மாற்றியது. மாற்றிய அரசு அந்தக் கையைச் சாந்தி தேவியின் வீட்டுக்கு அனுப்பவில்லை.

தமிழ்நாட்டுக்கு வந்தால் நாம் நெஞ்சை நிமிர்த்தலாம், நிமிர்த்தவும் வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில். ஆரம்ப சுகாதார நிலையங்களும் கிராமச் செவிலியர்களும் பல பத்தாண்டுகள் உழைத்துக் கொண்டுவந்த எண் அது. ஆனால் மிச்சமிருப்பதைச் சின்னப் புள்ளி என்று தள்ளிவிடாதீர்கள். வலி எடுத்து வண்டி வருவதற்குள் பிறந்துவிடும் பிள்ளைகள் எப்போதும் இருக்கும். பாதை இல்லாத மலைக் கிராமம், செங்கல் சூளை, கட்டட வேலை நடக்கும் இடத்துத் தகரக் கொட்டகை, இவற்றில் அது நேர வாய்ப்பு அதிகம். அங்கெல்லாம் வசிப்பவர்கள் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வண்டியில் வருகிறவரும் நம் பிள்ளைதான் பெரும்பாலும். 12 மணி நேர வேலை, நிரந்தரமில்லாத பணி, இவற்றுக்கு எதிராக 108 தொழிலாளர்கள் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். பதினோராவது மணி நேரத்தில், பக்கத்தில் இன்னொரு கை இல்லாமல், ஓடும் வண்டியில் இரண்டு உயிரைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரிடம் மட்டும் கடமையைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. தொட மறுத்தால் அது வன்கொடுமை, அதைக் கேட்டே ஆக வேண்டும். தொடுவதற்குப் பயிற்சியும் கையுறையும் ஊசியும் ஓய்வும் கொடுக்காமல் அனுப்பினால் அது அரசின் கடமைத் தவறு. உண்மை அறியும் குழுவில் போகும்போது இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்.

அப்படிப் போகும்போது வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அது ஏட்டில் இருக்கும், ஏடு பொய்யும் சொல்லும். அந்த அம்மாவிடமே உட்கார்ந்து கேளுங்கள். வந்தவர் வாசலுக்குள் வந்தாரா, தெருமுனையிலேயே நின்று தூக்கிவரச் சொன்னாரா? கொடியை யார் வெட்டினார்கள், எதால்? குழந்தையை உங்கள் நெஞ்சில் படுக்கவைத்தார்களா? ஊசி போட்டார்களா? நஞ்சு எப்போது விழுந்தது, அதை யாராவது பார்த்தார்களா? வயிற்றில் கை வைத்துப் பார்த்தது யார்? வண்டியில் உங்கள் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? அந்த அம்மா உயிரோடு இல்லையென்றால், கூட இருந்த பெண்களிடம் இதையே கேளுங்கள்.

கத்தியவார் ஆசிரியர் யாரும் சொல்லித் தராமலே இதைச் செய்திருக்கிறார். மனைவியைப் பறிகொடுத்த நாளில் எழுதிய கடிதத்தில் எல்லாம் இருக்கிறது. பிள்ளை பிறந்த தேதி, நோய் தொடங்கிய தேதி, டாக்டர் போட்ட நிபந்தனை, கொடுத்த 2 ரூபாய், இரவு எட்டு மணி, விளக்கு வெளிச்சம், தெர்மாமீட்டர் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பது வரை.